நெல் வயலுக்கு வந்த புதுக் கருவிகள்: டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் எங்கள் உழவர் குழுவின் கணக்கு வழக்கை நான் பார்க்கிறேன். நடவு மிஷினுக்குப் பதிவு செய்ய வருகிறவர்கள், மருந்து வாங்க வருகிறவர்கள், கொள்முதல் நிலையத்தில் காத்திருக்கிறவர்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதி பாதியாகப் பதில் சொல்வதைவிட முழுதாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளை அவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன். பேச்சு முழுக்கக் காவிரி டெல்டா நெல்லைப் பற்றியது. புன்செய்க்காரர்களுக்கு இதில் சில பதில்கள் பொருந்தாது.

"டெக்னாலஜி டெக்னாலஜிங்கிறாங்களே, நம்ம வயலுக்கு அப்படி என்னதான் வந்திருக்கு? ட்ரோனா?"

ட்ரோன் கடைசியாக வந்தது. வானத்தில் பறப்பதால் எல்லோர் கண்ணிலும் படுகிறது, அவ்வளவுதான். டெல்டாவைத் தலைகீழாக மாற்றியது அறுவடை மிஷின். அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்துத் தூற்றுவது என்று பல நாள் நீண்ட வேலை இப்போது ஏக்கருக்கு ஒரு மணி நேரம் முன்னே பின்னே முடிகிறது. அதற்கு அடுத்தது நடவு மிஷின். அப்புறம் 2018-இல் வந்த, தமிழ்நாடு அரசின் உழவன் செயலி, செல்போனுக்கே வரும் வானிலை அறிக்கை, நமக்குத் தெரியாமலே நம் வயலைப் படம் பிடிக்கும் செயற்கைக்கோள்.

இவற்றோடு இரண்டு சின்னச் சாமான்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வயலில் ஊன்றும் ஓட்டைக் குழாய் ஒன்று, இலை நிறம் பார்க்கும் அட்டை ஒன்று. டீசல் வேண்டாம், சார்ஜ் வேண்டாம். போட்ட காசுக்கு அதிகப் பலன் தருபவை இவை இரண்டும்தான் என்பது என் உறுதியான கருத்து. இவற்றைத் தேடி வருகிறவர்கள் குறைவாக இருப்பது எனக்குப் பெரிய வருத்தம்.

"எனக்கு மூணு மாதான் நிலம். இதெல்லாம் வேலிக் கணக்குல வச்சிருக்கிறவங்களுக்குத்தானே?"

மூன்று மா என்றால் ஏறக்குறைய ஒரு ஏக்கர், வேலி என்றால் இருபது மா. டெல்டாவில் பெரும்பாலானவர்கள் நிலை இதுதான். யாரும் இதற்காக மிஷின் வாங்கப் போவதில்லை, வாங்கவும் கூடாது. எல்லாமே வாடகைதான். வேளாண்மைப் பொறியியல் துறை வாடகைக்கு விடும் டிராக்டர், அறுவடை மிஷின் போன்றவற்றை உழவன் செயலி வழியாகவே பதிவு செய்யலாம். தனியார் வாடகையைவிடக் குறைவு. ஆனால் சீசனில் வண்டி கிடைப்பது முன்பதிவைப் பொறுத்தது.

சிறு விவசாயிக்குச் சிக்கல் பணத்தைவிட வரிசையில்தான். ஒரே சமயத்தில் எல்லா வயலும் விளைந்து நிற்கும்போது, தொடர்ச்சியாக அறுக்கக் கிடைக்கும் பெரிய வயலுக்கே டிரைவர் முதலில் போவார். உங்கள் மடையில் இருக்கும் பத்துப் பேர் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நட்டு, சேர்ந்து வண்டி பேசினால் மூன்று மாவும் பெரிய வயலாகிவிடும். குழு சேரச் சொல்வதற்கு முதல் காரணமே இதுதான்.

"மிஷின் நடவுக்கு ஏன் நாற்றங்காலையே மாத்தணும்? இருக்கிற நாத்தைப் பறிச்சுக் குடுத்தா நடாதா?"

நடாது. மிஷினின் விரல் நாற்றைத் தனித்தனியாகப் பிடிப்பதில்லை, பாய் மாதிரி பின்னிக் கிடக்கும் வேரோடு ஒரு துண்டைக் கிள்ளி எடுத்துச் சேற்றில் வைக்கிறது. அதனால் பாலித்தீன் விரிப்பிலோ தட்டிலோ இரண்டு சென்டிமீட்டர் கனத்துக்கு மண் பரப்பி, முளைகட்டிய விதையை நெருக்கமாகத் தூவிப் பாய் நாற்றங்கால் விட வேண்டும். 15 முதல் 18 நாளுக்குள் நட்டுவிட வேண்டும். 25 நாள் நாற்று மிஷினுக்கு ஆகாது. ஏக்கருக்கு 15 கிலோ விதை போதும்.

இன்னொரு விஷயம் வயல் தயாரிப்பு. சேடை ஓட்டி, அதாவது தண்ணீர் விட்டுச் சேறாக உழுது முடித்த கையோடு மிஷினை இறக்கினால் சேறு அலையடித்து, நட்ட நாற்றை மூடிவிடும். ஒரு நாள், களியாக இருந்தால் இரண்டு நாள், சேற்றை அடங்க விட்டு, தண்ணீரை மேலாக மட்டும் வைத்துக்கொண்டு நட வேண்டும். மேடு பள்ளம் இருந்தால் பள்ளத்தில் நாற்று மூழ்கும், மேட்டில் களை வரும். வயல் மட்டமாக இருப்பதுதான் மிஷின் நடவில் பாதி வெற்றி.

"மிஷின் நட்ட வயல் வெறிச்சோடிக் கிடக்கே. குத்து குறைஞ்சா மூட்டை குறையாதா?"

நட்ட பத்து நாளில் பார்த்தால் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கையால் 20-க்கு 10 சென்டிமீட்டரில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து, அதாவது 50 இடத்தில் நாற்று. பெரும்பாலான மிஷின்களில் வரிசை இடைவெளி 30 சென்டிமீட்டர் என்று நிலையாக இருக்கும். செடிக்குச் செடி 14 வைத்தால் 24 குத்துக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வரும். ஆனால் இளநாற்று வேர் அறுபடாமல் போவதால் சீக்கிரம் பச்சை பிடித்து, வெளிச்சமும் காற்றும் கிடைத்துத் தூர் வெடிக்கும், அதாவது அடியிலிருந்து பக்கக் கிளைகள் கிளம்பும். திருந்திய நெல் சாகுபடியில் 25-க்கு 25 வைத்து 16 குத்திலேயே நல்ல விளைச்சல் எடுப்பதும் இதே அடிப்படையில்தான்.

ஆனால் ஜூன் வாக்கில் நடும் குறுகிய வயதுக் குறுவை ரகத்துக்குத் தூர் வெடிக்கக் கிடைக்கும் நாள் குறைவு. அதற்குச் செடி இடைவெளியை நெருக்கி வைக்கச் சொல்லுங்கள். மிஷினில் அதை மாற்ற வசதி உண்டு. மழைக்காலத்து நீண்ட வயதுச் சம்பா ரகத்துக்குக் கொஞ்சம் தாராளமாக விடலாம். இதை நாம் கேட்காவிட்டால், முந்தின வயலுக்கு வைத்த அளவிலேயே ஓட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

"வயல்ல பைப்பை ஊணி வைக்கச் சொல்றாங்களே, அது எதுக்கு?"

மண்ணுக்குள் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று கண்ணால் பார்ப்பதற்கு. சுமார் 30 சென்டிமீட்டர் நீளப் பிளாஸ்டிக் குழாயில் கீழ்ப்பாதி முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு, அந்தப் பாதி மண்ணுக்குள் இருக்கும்படி ஊன்ற வேண்டும். உள்ளே ஏறிய சேற்றைக் கையால் தோண்டி எடுத்துவிட்டால், வெளியே மண்ணுக்குள் இருக்கும் அதே நீர்மட்டம் உள்ளே தெரியும். வரப்போரமாக, ஆனால் வயலின் சராசரி மட்டத்தில் ஊன்றுங்கள். மேட்டில் ஊன்றினால் தப்புக் கணக்காகிவிடும்.

மேலே தண்ணீர் வற்றி, குழாய்க்குள் நீர் மண் மட்டத்துக்கு 15 சென்டிமீட்டர் கீழே போகும்வரை காத்திருக்கலாம். அதுவரை நெல்லின் வேருக்கு ஈரம் கிடைத்துக்கொண்டே இருக்கும், மேல் மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் பயப்பட வேண்டாம். பிறகு 5 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் கட்டுங்கள். நட்டுப் பத்துப் பதினைந்து நாள் கழித்துத் தொடங்கலாம். பூக்கும் தருணத்துக்கு ஒரு வாரம் முன்னும் பின்னும் மட்டும் காயவிடக் கூடாது, அப்போது காய்ந்தால் பதராகும். இப்படிச் செய்தால் 15 முதல் 30 சதவீதம் வரை தண்ணீர் மிச்சம். பம்புசெட்டுக்காரர்களுக்கு மோட்டார் ஓடும் நேரம் குறையும். சேறு காற்று வாங்குவதால் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேன் வாயுவும் ஏறக்குறைய பாதியாகிறது.

"ஆத்துத் தண்ணி முறை வச்சு வருது. வரும்போது பிடிக்காம, குழாயைப் பார்த்துக்கிட்டு நிக்கச் சொல்றீங்களா?"

நியாயமான கேள்வி. முறைப்பாசனத்தில் அடுத்த முறை எப்போது என்று நிச்சயமில்லாதபோது வரப்பு தளும்பத் தண்ணீர் வைக்கத்தான் மனம் சொல்லும். மேலே சொன்ன முறை முழுதாகப் பலிப்பது போர் அல்லது பம்புசெட் கையில் இருக்கிறவர்களுக்கு. ஆற்றை மட்டும் நம்பும், வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடைக்காரர், வருகிற தண்ணீரைப் பிடித்துக்கொள்ளட்டும். ஆனாலும் குழாயை ஊன்றி வைக்கலாம். முறை இரண்டு நாள் தள்ளிப்போனால் பயிர் தாங்குமா, டீசல் இன்ஜின் வாடகைக்கு எடுக்கத்தான் வேண்டுமா என்று அது சொல்லிவிடும். வீண் பதற்றத்தில் டீசலுக்குக் கொட்டும் காசு மிஞ்சும்.

கடலோர உப்பு மண்ணில் இந்த முறை வேண்டாம். காயவிட்டால் உப்பு மேலேறும்.

"யூரியா எப்ப போடணும்னு ஒரு அட்டை சொல்லுமாமே?"

இலை வண்ண அட்டை. வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சைவரை பட்டை பட்டையாக எண் போட்டிருக்கும். காலை 8 முதல் 10 மணிக்குள், சூரியனுக்கு முதுகைக் காட்டி, இலைமேல் உங்கள் நிழல் விழும்படி நின்று, உச்சியில் முழுதாக விரிந்த இலையின் நடுப்பகுதியை அட்டையோடு ஒட்டிப் பாருங்கள். இலையைக் கிள்ள வேண்டாம். வயலின் பத்து இடத்தில் பார்த்து, ஆறு இலைக்கு மேல் 4-ஆம் எண்ணைவிட வெளிறியிருந்தால் யூரியா போடும் நேரம் வந்துவிட்டது. வெள்ளைப் பொன்னி இயல்பாகவே வெளிர்நிறம், அதற்கு 3-ஐ வைத்துப் பாருங்கள். நட்ட 14-ஆம் நாளில் தொடங்கி வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், பூக்கத் தொடங்கியதும் நிறுத்திவிடலாம். ஒருவரே, ஒரே நேரத்தில் பார்ப்பது முக்கியம்.

இதில் மிச்சமாவது யூரியா மட்டுமில்லை. பக்கத்து வயல் கறுகறுவென்று இருக்கிறதே என்று நாமும் ஒரு கை அள்ளிப் போடுவது இங்கே பழக்கமாகிவிட்டது. அந்தக் கரும்பச்சைதான் இலைச்சுருட்டுப் புழுவையும், சாறு உறிஞ்சும் புகையான் பூச்சியையும் கூப்பிடுகிறது, காற்றடித்தால் பயிர் சாய்வதற்கும் அதுவே காரணம். அட்டையைக் கையில் வைத்திருந்தால் ஒரு மருந்தடிப்புக் குறையும் என்று தைரியமாகச் சொல்வேன்.

"நானோ யூரியா ஒரு பாட்டில் ஒரு மூட்டைக்குச் சமம்னு கடையில கட்டாயப்படுத்துறாங்க. வாங்கலாமா?"

கணக்குப் போட்டுப் பாருங்கள். 45 கிலோ யூரியா மூட்டையில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 சதவீதம், அதாவது 20 கிலோவுக்கு மேல். 2021-இல் முதலில் வந்த நானோ யூரியா 500 மில்லி பாட்டிலில் 4 சதவீதம், அதாவது 20 கிராம். இலை வழியாகப் போவதால் வீணாவது குறைவு என்பது சரிதான். ஆனாலும் ஆயிரம் மடங்கு வித்தியாசத்தை அது ஈடுகட்டும் என்று நான் நம்பவில்லை. பின்னால் வந்த பாட்டில்களில் சத்தைக் கூட்டியிருக்கிறார்கள், அப்படியும் மூட்டைக்குப் பக்கத்தில் வராது. அடியுரத்தையும் முதல் மேலுரத்தையும் குறைத்துவிட்டு இதை நம்புவது ஆபத்து. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் வயல் ஆய்வில், யூரியாவைக் குறைத்து இதைத் தெளித்தபோது நெல்லிலும் கோதுமையிலும் விளைச்சல் குறைந்தது.

வயலில் தண்ணீர் நின்று யூரியா போட வழியில்லாத நேரத்தில் ஒரு கை கொடுக்க இலைவழி உரம் எதையும் தெளிக்கலாம். மூட்டை வாங்கும்போது கூடவே இதையும் வாங்கியே ஆக வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது. கட்டாயப்படுத்தினால் வட்டார வேளாண்மை உதவி இயக்குநரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள்.

"கைத்தெளிப்பான்ல ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணி. ட்ரோன்ல 10 லிட்டர்ல எப்படிக் காணும்?"

ஏக்கருக்குப் போகும் மருந்தின் அளவு மாறுவதில்லை, கலக்கும் தண்ணீர்தான் குறைகிறது. துளி மிக நுண்ணியதாக உடைவதாலும், இறக்கையின் காற்று இலையைப் புரட்டிவிடுவதாலும் கொஞ்சம் நீரிலேயே மேல் இலைகள் நனைகின்றன. ஏக்கருக்குப் பத்து நிமிஷம்கூட ஆகாது. சேற்றில் மிதிபடுவதில்லை, மருந்துக் கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு புகைக்குள்ளேயே நடக்க வேண்டியதில்லை. மருந்தடித்துவிட்டு மயங்கி விழுந்தவர்களைத் தூக்கிக்கொண்டு ஓடிய ஊர்க்காரர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஆனால் கலவை இருபது மடங்கு வீரியமாக இருக்கும். கலக்குகிறவர் கையுறையும் முகமூடியும் போடாமல் இருக்கக் கூடாது. எல்லா மருந்தும் இந்த அளவு தண்ணீரில் கரையாது, தூள் மருந்து தெளிப்பு முனையை அடைக்கும். ட்ரோனில் தெளிக்க மத்திய பூச்சிக்கொல்லி வாரியம் 2022-இல் தனியாக அனுமதி கொடுத்த மருந்துகள் இருக்கின்றன. அதில் வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். ஓட்டுகிறவருக்கு அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையத்தின் சான்றிதழ் இருக்க வேண்டும். கேட்டுப் பார்ப்பதில் கூச்சம் வேண்டாம்.

"புகையானுக்கு ட்ரோன்ல அடிச்சேன். கேக்கவே இல்லை. மருந்து போலியா?"

போலியாக இருக்க வேண்டியதில்லை. புகையான் இருப்பது தூரின் அடியில், தண்ணீருக்குச் சற்று மேலே. பயிரை விலக்கிக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். அடர்ந்த பயிரின்மேல் இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து ட்ரோன் தூவும் நுண்துளி மேல் இலையிலேயே தங்கிவிடும். இலைச்சுருட்டுப் புழுவுக்கும் இலைவழி உரத்துக்கும் ட்ரோன் அருமை. புகையானுக்கு, தண்ணீரை வடித்துவிட்டு, பயிரைப் பிரித்து, கைத்தெளிப்பானால் அடித்தூரில் படும்படி அடிப்பதுதான் சரி.

நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விட்டிருந்தால் இது சுலபம், காற்றோட்டம் இருப்பதால் புகையானே குறைவாக வரும். செயற்கைப் பைரித்ராய்டு வகை மருந்துகளை இதற்கு அடிக்கவே கூடாது. இயற்கை எதிரிகள் செத்து, புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகும். அதோடு, யூரியா எவ்வளவு போட்டீர்கள் என்று அட்டையைப் பற்றிய பதிலோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

"பக்கத்து வயல்ல ட்ரோன்ல களைக்கொல்லி அடிச்சாங்க. என் பருத்தி இலை எல்லாம் வெண்டை இலை மாதிரி குறுகிப்போச்சு. யாரைக் கேக்கிறது?"

நீங்கள் சொல்லும் அறிகுறி 2,4-டி வகைக் களைக்கொல்லிக்கு அப்படியே பொருந்துகிறது. அகன்ற இலைக் களைகளைக் கொல்லும் மருந்து அது. பருத்திக்கு அதன் வாடை பட்டாலே போதும், இலை குறுகி விரல்விரலாகப் பிரியும். நுண்துளி காற்றில் வெகுதூரம் போகும். குடவாசல், நன்னிலம் பக்கம் கோடைப் பருத்தியும் நெல்லும் அடுத்தடுத்து இருக்கும் இடத்தில் இந்த மருந்தை ட்ரோனில் அடிக்கவே கூடாது என்பேன். கைத்தெளிப்பானில்கூடக் காற்று நின்ற நேரத்தில்தான் அடிக்க வேண்டும்.

தெளிப்பதற்கு முன்பே சுற்று வயல்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது தெளிப்பவரின் கடமை. பாதிப்பு வந்த அன்றே தேதி தெரியும்படி படம் எடுத்து, உதவி வேளாண்மை அலுவலரை வயலுக்கு வரச்சொல்லி எழுத்தில் பதிவு செய்யுங்கள். அந்தப் பதிவு கையில் இருந்தால்தான் பேச்சுவார்த்தையிலாவது இழப்பீடு கேட்க முடியும். லேசான பாதிப்பு என்றால் புதுத் துளிர் தெளிவாக வரும், அவசரப்பட்டு அழித்துவிடாதீர்கள்.

"போட்டோ எடுத்துப் போட்டா என்ன நோய்னு ஆப்பே சொல்லுது. நம்பலாமா?"

பூச்சியின் படம் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் சரியாகச் சொல்கிறது. மத்திய அரசே 2024 ஆகஸ்டில் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு முறை என்று இப்படி ஒரு செயலியைக் கொண்டுவந்தது. சிக்கல் மஞ்சளாகும் பயிரில்தான். துத்தநாகப் பற்றாக்குறை, துங்ரோ நோய், வடிகால் இல்லாமல் வேர் அழுகுவது எல்லாமே படத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும். நான்கு குத்தைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் மருந்து வேண்டாம், தண்ணீரை வடித்து வயலை ஆறவிட்டால் சரியாகும். செயலியால் முகர்ந்து பார்க்க முடியாது.

பதிலோடு கூடவே ஒரு கம்பெனி மருந்தின் பெயரும் விலையும் வந்தால், வாங்குவதற்கு முன் இன்னொருவரிடம் கேளுங்கள். கிசான் கால் சென்டர் 1800-180-1551 இலவசம், தமிழிலேயே பேசலாம்.

"மிஷின்ல அறுத்த நெல்லை ஈரம்னு கொள்முதல் நிலையத்துல திருப்பிடறாங்க. மிஷின் வராத காலத்துல இந்தத் தொல்லை இல்லையே?"

உண்மைதான். கையால் அறுத்த காலத்தில் கட்டு வயலிலும் களத்திலும் கிடந்து தானாகக் காய்ந்துவிடும். மிஷின் நின்ற பயிரை நேராக நெல்லாக்குவதால் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி வருவது சாதாரணம். அரசு விதி 17 சதவீதம். மழைக்காலத்தில் மத்தியக் குழு வந்து பார்த்துத் தளர்வு கொடுத்தால்தான் அதற்கு மேல் எடுப்பார்கள். அதுவரை நெல் ரோட்டோரம் குவிந்து கிடந்து முளைக்கிறது. அறுவடையை வேகமாக்கிவிட்டு, காயவைக்க இடமும் உலர்த்தும் இயந்திரமும் போதிய அளவு கொடுக்காமல் விட்டது பெரிய குறை. மிஷின் மிச்சப்படுத்திய நேரமெல்லாம் சாக்கைச் சுற்றிக் காவல் இருப்பதில் போகிறது.

நம் கையில் இருப்பதையாவது செய்வோம். பனி விலகிக் காலை பத்து மணிக்கு மேல் வண்டியை இறக்குங்கள். தார்ப்பாயில் மெல்லிசாகப் பரப்பிக் கிளறிவிடுங்கள். டிரைவரிடம் காற்றைக் கூட்டி வைக்கச் சொன்னால் பதரும் வைக்கோல் துண்டும் குறையும். குழுவில் ஒரு ஈரப்பதமானி இருந்தால், அளந்து பார்த்துவிட்டே வண்டி ஏற்றலாம். விதைக்கு எடுத்துவைக்கும் நெல்லை மட்டும் மிஷினில் முதல் சுற்றில் வருவதிலிருந்து எடுக்காதீர்கள். முந்தின வயலின் ரகமும் களை நெல்லும் அதில் கலந்திருக்கும்.

"அறுப்புக்கு முன்னாடி உளுந்து தெளிச்சிருக்கேன். மிஷின் இறங்கினா பூரா நசுங்கிடுமே?"

டெல்டாவுக்கே உரிய கேள்வி இது. சம்பா, தாளடி (குறுவைக்குப் பின் நடும் நெல்) அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நின்ற நெல்லுக்குள் ஈரத்தில் உளுந்தோ பயறோ தெளித்துவிட்டு, எஞ்சிய ஈரத்திலும் பனியிலுமே விளையவைப்பது நம் தாத்தாக்கள் கண்ட முறை. உழவு கிடையாது, பாசனம் கிடையாது. அரிவாள் அறுப்புக்கு இது பிசிறில்லாமல் பொருந்தியது. மிஷின் வந்ததும், இரண்டிலை விட்டு நிற்கும் உளுந்து சக்கரத்தடத்தில் போய்விடுகிறது. வெட்டி விழும் வைக்கோல் வரிசைவரிசையாக மூடி, அடியிலிருப்பது வெளிறிச் சாகிறது. அறுத்த பிறகு தெளிக்கலாம் என்றால் மேல் மண் காய்ந்து முளைப்பு குறைகிறது.

இங்கே பலர் கண்டுகொண்ட வழி, வண்டி வரும் நாள் உறுதியான பிறகு, அதற்கு முந்தின நாளோ அதற்கும் முந்தின நாளோ தெளிப்பது. விதை ஊறியிருக்கும், முளை வெளியே நீட்டியிருக்காது. சக்கரம் ஏறினாலும் ஈரமண்ணில் அமுங்குமே தவிர நசுங்காது. டயர் வண்டியைவிடப் பெல்ட் வண்டி நல்லது, ஈரவயலில் குழி விழாது. அறுத்த மறுநாளே வைக்கோலைக் கட்டுக்கட்டும் மிஷினை விட்டால் அதுவும் முளையை மிதிக்கும். அதனால் வைக்கோலைக் கையால் உதறி ஒதுக்க ஆள் வையுங்கள். இதெல்லாம் வண்டி சொன்ன நாளில் வந்தால்தான் நடக்கும். இரண்டாவது பதிலில் சேர்ந்து வண்டி பேசச் சொன்னது இதற்கும் சேர்த்துத்தான்.

உளுந்து பூக்கும்போதும் 15 நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி உரக் கரைசல் தெளிக்க வேண்டும். செடியை மிதிக்காமல் தெளிக்க ட்ரோனைவிட நல்ல வழி கிடையாது.

"வெள்ளத்துல முழுகினாலும் பிழைக்கிற சப்-1 நெல், மரபணு மாத்தின நெல்லாமே?"

இல்லை. ஒடிசாவின் எஃப்ஆர்13ஏ என்ற நாட்டு நெல்லில் இயல்பாகவே இருந்த சப்-1 மரபணுவை, வழக்கமான ஒட்டுச் சேர்க்கையால் கொண்டுவந்தார்கள். ஒட்டில் பிறந்த எந்தச் செடியில் அந்தக் குணம் வந்திருக்கிறது என்று சோதனைக்கூடத்தில் அடையாளம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததுதான் புதுமை. மூழ்கியதும் மற்ற நெல் மேலே வரத் துடித்து வளர்ந்து சத்தை இழக்கும். இது வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, சத்தைச் சேமித்து, இரண்டு வாரம்வரை தாக்குப்பிடிக்கும். வடகிழக்குப் பருவமழையில் முங்கும் வயலுக்கு சிஆர் 1009 சப்-1 தைரியமாகப் போடலாம். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் இதுவும் காப்பாற்றாது.

2025 மே மாதம் அறிவித்த கமலா, பூசா டிஎஸ்டி ரைஸ் 1 இரண்டும் வேறு வகை. அவை மரபணு திருத்திய நெல். வேறு உயிரின் மரபணுவைப் புகுத்தவில்லை, நெல்லின் சொந்த மரபணுவிலேயே சின்னத் திருத்தம் செய்திருக்கிறார்கள். வெளியிலிருந்து மரபணு புகுத்திய நெல்லுக்கு இந்தியாவில் சாகுபடி அனுமதி கிடையாது.

"சாட்டிலைட்டுல பாத்துத்தான் இன்சூரன்ஸ் குடுக்கிறாங்களாம். என் வயல் முழுகினது மேல இருந்து தெரியாதா? ஏன் எனக்கு வரல?"

தெரியும். மேகத்தை ஊடுருவும் ரேடார் செயற்கைக்கோள்கள் இருக்கின்றன. ஐப்பசி அடைமழையிலும் எங்கே நடவாகியிருக்கிறது, எங்கே தண்ணீர் நிற்கிறது என்று அவை காட்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமே இந்த முறையில் நெல் பரப்பைக் கணக்கிட்டிருக்கிறது. ஆனால் பிரதமர் பயிர்க் காப்பீட்டில் விளைச்சல் இழப்பைக் கணக்கிடுவது உங்கள் வயலுக்கு இல்லை, அறிவிக்கப்பட்ட கிராமம் முழுமைக்கும். சில வயல்களில் அறுத்துப் பார்க்கும் சோதனையின் சராசரி, முந்தைய ஆண்டுகளின் சராசரியை ஒட்டிய வரம்புக்குக் கீழே போனால்தான் பணம். நீங்கள் பள்ளத்தில் இருந்து முழுதும் போயிருந்தாலும், ஊர் மேட்டில் பிழைத்திருந்தால் கணக்கில் இழப்பு வராது.

2023 காரீப் (ஜூனில் தொடங்கும்) பருவம் முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் விளைச்சல் கணக்கில் 30 சதவீதம் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கு என்று வைத்திருக்கிறார்கள். வயலளவில் பார்க்கும் வசதி வந்துவிட்ட பிறகும் கிராமச் சராசரியிலேயே நிற்பது நியாயமில்லை, இதை விவசாயச் சங்கங்கள் உரக்கக் கேட்க வேண்டும். அறுத்துக் காயப்போட்ட பயிர் 14 நாளுக்குள் மழையில் நனைந்தால் தனி வயலாகவே கோரலாம்; நெல் வயல் வெள்ளத்தில் மூழ்குவதையும் 2026 காரீப் முதல் இப்படித் தனி வயல் இழப்பாகச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்.

"கோயில் நிலம், குத்தகைக்குப் பண்றேன். விவசாயி அடையாள எண், ஆன்லைன் பதிவு எல்லாத்துலயும் பட்டா கேக்குது. நான் விவசாயி இல்லையா?"

உழுகிறவர் நீங்கள்தான். இந்தக் கணினிப் பதிவுகளெல்லாம் நில உரிமை ஆவணத்தின்மேல் கட்டப்பட்டவை, அதனால் டெல்டாவில் கோயில், மடத்து நிலம் செய்கிறவர்களும் வாய்மொழிக் குத்தகைக்காரர்களும் திரைக்கு வெளியே நிற்கிறார்கள். கருவிகள் புதிதாக வர வர இந்த வேலி உயர்ந்துகொண்டே போவது எனக்குக் கவலையாக இருக்கிறது. இப்போதைக்குச் செய்யக்கூடியது, பயிர்க் காப்பீட்டுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உங்கள் பெயரில் அடங்கல், அதாவது இந்த நிலத்தில் இன்ன பயிர் என்ற சான்று, வாங்குவது. குத்தகைதாரரையும் திட்டம் ஏற்கிறது. 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்கீழ்ப் பெயரைப் பதிவு செய்திருந்தால் பல இடத்தில் கை கொடுக்கும். குத்தகை ரசீதை ஒரு வருஷம்கூடத் தொலைத்துவிடாதீர்கள்.

"நடவு, அறுப்பு எல்லாம் மிஷின்னா, காலங்காலமா நட்ட பொம்பளைங்க எங்க போவாங்க?"

ஆள் கிடைக்கவில்லை என்பதால்தான் மிஷின் வந்தது என்பார்கள். அது பாதி உண்மை. ஆண்கள் திருப்பூருக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். ஊரிலேயே இருந்த பெண்களுக்கு வருஷத்தில் நிச்சயமாகக் கிடைத்த வேலை நாற்றுப் பறிப்பு, நடவு, களை, அறுப்பு நான்கும்தான். மூன்று போய்விட்டது, நான்காவதைக் களைக்கொல்லி எடுத்துக்கொண்டது. நிலமில்லாதவர்களுக்கு இதனால் வந்த இழப்பை எந்த லாபக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

மத்திய அரசு 2023 நவம்பரில், 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் மானியம். நல்லதுதான், ஆனால் ஊருக்கு ஒன்றிரண்டு பேருக்குத்தான் அதில் வேலை. நிறையப் பேருக்கு வேலை தருவது பாய் நாற்றங்கால். மண் சலிப்பது, தட்டு நிரப்புவது, விதை தூவுவது, பூவாளியில் நீர் தெளிப்பது, சுருட்டி வண்டி ஏற்றுவது எல்லாமே கைவேலை, இளநாற்றின் பதம் தெரிந்த கை வேண்டும். ஏக்கருக்கு இவ்வளவு தட்டு, தட்டுக்கு இவ்வளவு விலை என்று குறுவைக்கு முன்பே பெண்கள் குழுவோடு எழுதி ஒப்பந்தம் போடுங்கள், பாதிப் பணத்தை விதைக்கும் அன்றே கொடுங்கள். மிஷின் வாடகையைப் பேரம் பேசாமல் கொடுக்கிறோம், தட்டு விலையில் மட்டும் அடித்துப் பேசுவதை நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்.